காப்பீட்டில் காக்ளியர் அறுவை சிகிச்சை: அதற்குப் பிறகு எங்கே போவது?

தறிமேடை (குமாரபாளையம்), சனி இரவு 10:12

வணக்கம். என் மகளுக்கு இரண்டேகால் வயது. குக்கர் விசிலுக்கும் திரும்ப மாட்டாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். தறிக்கூடத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம், அதனால் சத்தம் பழகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். மாமியார் நாக்கில் வசம்பு உரசித் தடவினார். அவருடைய மகனும் நான்கு வயதில்தான் பேசினாராம். போன மாதம் அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்துவிட்டு மாவட்ட மையத்துக்கு அனுப்பியது. காது நரம்பு வரை ஒலி போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையில், இரண்டு காதிலும் 90 டெசிபலுக்கு மேல் சத்தம் வைத்தால்தான் பதில் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போதைக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி கொடுத்திருக்கிறார்கள். அதில் பலன் தெரியாவிட்டால் முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் (உள்காதுக்குள் வைக்கும் கருவி) வைக்கலாம், செலவில்லை என்றார்கள். தலையைத் திறப்பார்களா? செலவில்லை என்பது உண்மைதானா? வீட்டில் "ஐந்து வயதாகட்டும், பிள்ளை தாங்க வேண்டாமா" என்கிறார்கள். என் கணவர் எனக்குத் தாய்மாமன். அதனால்தான் இப்படி என்று தெருவில் பேசுவது வேறு காதில் விழுகிறது.

ஒலிமானி, சனி இரவு 11:05

நான் ஆடியாலஜிஸ்ட், செவித்திறன் பரிசோதிப்பவள். உங்கள் குழந்தையை நேரில் பார்த்தவர் சொல்வதுதான் முடிவு. பொதுவானதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வயது. இதில் பொறுத்துப் பார்க்க இடமில்லை. ஒலி போய்ச் சேராத மூளைப் பகுதி சும்மா காத்துக்கொண்டிருக்காது, வேறு வேலைக்குப் போய்விடும். மூன்றரை வயதுக்குள் ஒலி கிடைத்த குழந்தைகளின் மூளை இயல்பான குழந்தைகளைப் போலவே அதை வாங்கிக்கொள்கிறது என்றும், ஏழு வயதைத் தாண்டினால் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை என்றும் கொலராடோவில் அனு சர்மா குழுவினரின் ஆய்வுகள் காட்டின. தமிழ்நாட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் இது உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்கு ஐந்து வயது வரை. பேச்சு வந்த பிறகு செவித்திறனை இழந்த பிள்ளைகளுக்கு வயது வரம்பு இன்னும் கூடுதல். ஆகவே ஐந்து வயதாகட்டும் என்று காத்திருந்தால் திட்டமும் கைநழுவும், மூளையும் கைநழுவும்.

தலையைத் திறப்பதில்லை. காதுக்குப் பின்னால் தோலைக் கீறி, அங்குள்ள எலும்பில் சிறு பள்ளம் செய்து, தோலுக்கு அடியில் ஒரு ரிசீவரை வைப்பார்கள். அதிலிருந்து போகும் மெல்லிய கம்பி, நத்தைக் கூட்டைப் போல இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கும் உள்காதுக்குள் நுழையும். அதில் மின்முனைகள் இருக்கும், நிறுவனத்தைப் பொறுத்து 12, 16 அல்லது 22. வெளியே காதில் மாட்டும் பிராசசர் ஒலியை வாங்கி மின்துடிப்பாக மாற்றும். காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் காயில் (கம்பிச்சுருள்) அதைத் தோலைத் தாண்டி உள்ளே அனுப்பும். ஒலியை நரம்புக்கு மாற்றித் தரும் மயிர்ச் செல்கள் செத்துப்போயிருக்க, அவற்றை விட்டுவிட்டு நேரே செவி நரம்பைத் தூண்டுவதுதான் இதன் வேலை. சாதாரணக் காதுக்கருவி ஒலியைப் பெருக்கித் தரும், அவ்வளவே. வாங்கிக்கொள்ள மயிர்ச் செல் இல்லாத இடத்தில் எவ்வளவு பெருக்கியும் பயனில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் எடுப்பார்கள். உள்காது சரியாக உருவாகியிருக்கிறதா, நரம்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான். மூளைக்காய்ச்சல் வராமலிருக்க நிமோகாக்கல் தடுப்பூசி அவசியம். அறுவை சிகிச்சை முடிந்து மூன்று, நான்கு வாரங்களில் சுவிட்ச் ஆன், அதாவது வெளிக்கருவியை மாட்டி முதன்முதலாக ஒலி கொடுப்பது.

சொந்தத்தில் திருமணம் செய்தால் இவ்வகை மரபணுக் குறை இரு பக்கமும் சேர்ந்து வர வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் வரும் மாற்றம் நம் நாட்டிலும் அடிக்கடி காணப்படுகிறது. ஆனால் சொந்தத்தில் மணந்த பெரும்பாலோரின் பிள்ளைகள் நன்றாகக் கேட்கிறார்கள், சொந்தமில்லாத இடத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. அடுத்த பிள்ளை பற்றி யோசிக்கும்போது மரபணு ஆலோசனை கேளுங்கள். தெருவில் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

காவிரிக்கரை (பள்ளிபாளையம்), ஞாயிறு காலை 6:48

சகோதரி, டாக்டரம்மா சொன்னதெல்லாம் சரி. "செலவில்லை" என்பதைப் பற்றி நான் சொல்கிறேன். என் மகனுக்கு மூன்று வயதில் இதே திட்டத்தில் வைத்தோம். இப்போது ஒன்பது. சாதாரணப் பள்ளியில் படிக்கிறான், என்னிடம் எதிர்வாதம் பேசுகிறான். ஆகவே வைக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை.

அறுவை சிகிச்சைக்கு ஒரு பைசா வாங்கவில்லை. தனியாரில் ஒரு காதுக்கு ஆறு, ஏழு லட்சத்தில் தொடங்கும் விஷயம். அன்று வார்டுக்கு வந்து படமெல்லாம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் யாரும் படம் எடுக்க வரவில்லை. காயிலையும் பிராசசரையும் இணைக்கும் கேபிள் இருக்கிறதே, அது பிள்ளை விளையாட விளையாட ஒடியும். ஒவ்வொரு முறையும் பல ஆயிரம். பேட்டரி தனி. போன வருடம் பிராசசரே நின்றுவிட்டது. நிறுவனத்தில் கேட்டால் "அந்த மாடலை நிறுத்திவிட்டோம், பாகம் கிடையாது, புதிது வாங்குங்கள்" என்று நான்கு லட்சத்துக்கு மேல் விலைப்பட்டியல் அனுப்பினார்கள். நான் தறிக்குப் பாவு (நீளவாட்டு நூல்) ஓட்டுகிறவன்.

உள்ளே இருக்கும் கருவி நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே இருப்பது செத்துவிட்டது. அதுவரை பேசிக்கொண்டிருந்த பிள்ளை சைகை காட்ட ஆரம்பித்தான். கடைசியில் வேறொரு குடும்பத்தார் புதியதுக்கு மாறியபோது விட்ட பழைய பிராசசரை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அது எத்தனை நாளோ.

பழையவாத்தியார், ஞாயிறு காலை 9:20

இடி மின்னல் நேரத்தில் இந்தக் கருவி மின்னலை இழுக்கும் என்று எங்கள் ஊரில் ஒரு குடும்பம் மழைக்காலம் முழுக்கப் பிள்ளைக்குக் கழற்றியே வைத்திருந்தது. இது உண்மையா?

ஒலிமானி, ஞாயிறு காலை 9:41

இல்லை ஐயா. ஒரு பருவம் முழுக்கக் கழற்றி வைத்தால் அந்தப் பருவம் முழுக்கப் பிள்ளை கேட்கவில்லை என்று பொருள். பயப்பட வேண்டியது வேறு: தலையில் பலமான அடி, வியர்வையும் ஈரமும் பிராசசருக்குள் போவது, உள்ளே காந்தம் இருப்பதைச் சொல்லாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போவது. எந்த மாடல், எம்.ஆர்.ஐ.க்கு எது வரை அனுமதி என்ற அடையாள அட்டை கொடுப்பார்கள். அதை ரேஷன் அட்டையோடு சேர்த்து வையுங்கள், ஒரு நகலைப் பள்ளியிலும் கொடுங்கள்.

காவிரிக்கரை அண்ணா சொன்னதை நான் மறுக்கவில்லை. எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. உள்கருவி பல பத்தாண்டுகள் வேலை செய்யும் என்று வைக்கிறோம், வெளிக்கருவியின் ஆயுள் அதில் ஒரு துண்டு.

ஊர்ச்செவிலி, ஞாயிறு மதியம் 1:15

நான் கிராம சுகாதார செவிலியர். இந்தக் குழந்தைக்கு இரண்டு வயதுக்கு மேல்தான் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு உறுத்துகிறது. உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு ஒன்று, மூன்று, ஆறு: ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குவது. தேசிய சிறார் நலத் திட்டம் 2013இல் வந்ததிலிருந்து பிறவிக் கேளாமையும் அதன் பட்டியலில் இருக்கிறது.

நடப்பது என்ன? பிரசவ வார்டில், உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.ஈ. கருவி இருந்தால் குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்துப் பார்ப்பார்கள். பிறந்து ஓரிரு நாளில் காதுத் துவாரத்தில் பிசுக்கும் நீரும் இருக்கும், அதனாலேயே பல குழந்தைகள் அந்தப் பரிசோதனையில் தேற மாட்டார்கள். "சில வாரம் கழித்து மறுபடி கொண்டு வாருங்கள்" என்று எழுதிக் கொடுப்பார்கள். தாய் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அந்தச் சீட்டு தடுப்பூசி அட்டைக்குள் கிடக்கும். நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அட்டையை வாங்கி அந்தச் சீட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்று. இன்குபேட்டரில் வைத்த குழந்தை, மஞ்சள் காமாலை அதிகமாகி ரத்தம் மாற்றிய குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை இவர்களுக்கு ஓ.ஏ.ஈ. மட்டும் போதாது. அது உள்காதின் மயிர்ச் செல்லைப் பார்க்கிறது, நரம்பைப் பார்ப்பதில்லை. பெரா கேட்டு வாங்குங்கள்.

ஒலிமானி, ஞாயிறு மதியம் 1:32

மூளைக்காய்ச்சலைச் சொன்னது நல்லது. அதில் செவித்திறன் போனால் உள்காதுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளக்கூடும். பிறகு கம்பி நுழையாது. அங்கே அவசரம் வாரக் கணக்கில்.

கைமொழி, ஞாயிறு மாலை 5:03

எல்லோரும் டாக்டரைப் போலப் பேசுகிறீர்கள். நான் பிறவியிலேயே கேளாதவன், 41 வயது, பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தேன். அரசு வேலையில் இருக்கிறேன். என் மனைவியும் கேளாதவர். எங்கள் வீட்டில் சண்டை, கிண்டல், கடன் கணக்கு, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் கையால்தான் நடக்கின்றன. எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட ஒன்றுமில்லை.

கருவி வைப்பது உங்கள் முடிவு. ஆனால் "கையைக் காட்டிப் பேசினால் பிள்ளைக்குப் பேச்சு வராது" என்று சொல்லி அந்தக் குழந்தையின் கையைக் கட்டாதீர்கள். குளிக்கும்போது, தூங்கும்போது, கேபிள் ஒடிந்த வாரத்தில், அந்தப் பிள்ளை என்னைப் போலத்தான். காவிரிக்கரையின் மகன் பிராசசர் நின்றதும் சைகை காட்ட ஆரம்பித்தான் என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அவன் சைகை காட்டியபோது வீட்டில் யாருக்காவது அது புரிந்ததா?

இந்திய சைகை மொழிக்கு டெல்லியில் 2015 முதல் தனி ஆய்வு நிறுவனம் இருக்கிறது, பத்தாயிரம் சொல்லுக்கு அகராதி வெளியிட்டிருக்கிறார்கள். கற்றுக்கொள்ளக் காசு வேண்டாம்.

காவிரிக்கரை (பள்ளிபாளையம்), ஞாயிறு மாலை 5:40

புரியவில்லை தம்பி. என் மனைவிக்குப் பாதி புரிந்தது. எங்களைப் பேச்சுப் பயிற்சியில் (தெரபி) சைகையே கூடாது என்று கண்டித்தார்கள்.

ஒலிமானி, ஞாயிறு இரவு 8:10

இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஏ.வி.டி. என்ற பயிற்சி முறையே கேட்டுப் பேசுவதை மட்டும் வளர்ப்பது. உதட்டைப் பார்க்க விடாமல் கையால் மறைத்துக்கொண்டு பேசுவார்கள். கண்ணுக்கு வேலை கொடுத்தால் காது சோம்பிவிடும் என்பது அவர்கள் வாதம். சைகை கற்ற பிள்ளைக்குப் பேச்சு கெடும் என்று உறுதியாகச் சொல்லுமளவுக்குச் சான்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. மொழியே இல்லாமல் கழியும் மாதங்கள்தான் பிள்ளையைக் கெடுக்கும், அது தெரிந்த விஷயம். தறிமேடை, அறுவை சிகிச்சை நாள் கிடைக்கும் வரை சைகையோ முகபாவமோ எதுவானாலும் குழந்தையோடு பேசிக்கொண்டே இருங்கள். கைமொழி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஒன்றைத் தவிர: காசு வேண்டாம்தான், நேரமும் கற்றுக்கொடுக்க அருகில் ஆளும் வேண்டும். அது குமாரபாளையத்தில் எங்கே கிடைக்கிறது?

கைமொழி, ஞாயிறு இரவு 8:22

தெரபிஸ்ட் மட்டும் குமாரபாளையத்தில் கிடைக்கிறாரா?

தறிமேடை (குமாரபாளையம்), ஞாயிறு இரவு 10:30

கிடைக்கவில்லை. அதைத்தான் கேட்க வந்தேன். பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை சேலம் போக வேண்டுமாம். மகளிருக்கு இலவசம் என்பது நகரப் பேருந்தில்தான், சேலம் வண்டியில் டிக்கெட் எடுக்க வேண்டும். போக வர அரை நாள். அந்த அரை நாள் தறி நின்றால் எங்களுக்குக் கூலியும் நின்றுவிடும். வருமானச் சான்றிதழ் வாங்குவதிலும் சிக்கல். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். தறி எங்கள் பெயரில் இருப்பதால் வி.ஏ.ஓ. யோசிக்கிறார். தறி மீது இருக்கும் கடனை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

மூன்றாம்வரிசை, திங்கள் காலை 7:05

வயது வந்த பிறகு வைத்துக்கொண்டவன் எழுதுகிறேன். 38 வயதில் திடீரெனச் செவித்திறன் போயிற்று. எனக்கு எந்தத் திட்டமும் கிடையாது, வீட்டுமனையை விற்றேன். சுவிட்ச் ஆன் செய்த அன்று மனைவியின் குரல் அலைவரிசை பிசகிய வானொலியைப் போல இருந்தது. யார் பேசினாலும் ஒரே கீச்சுக் குரல். மனம் விட்டுப்போனது. தினமும் செய்தித்தாளை அவள் வாசிக்க, நான் வரியில் விரல் வைத்துக்கொண்டே கேட்டேன். மெல்ல மெல்லச் சொற்கள் பிரிந்தன. இன்று போனில் பேசுகிறேன். பாட்டு மட்டும் இன்னும் ஒட்டவில்லை. இயல்பான காதில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட உள்மயிர்ச் செல்கள் செய்யும் வேலையை 22 முனைகள் செய்கின்றன, நாதசுரத்துக்கு அது போதாது.

குழந்தைக்கு ஒப்பிட எதுவும் இருக்காது. அவளுக்கு அதுதான் ஒலி. கீச்சென்று இருக்குமோ என்று கவலைப்படாதீர்கள்.

காவிரிக்கரை (பள்ளிபாளையம்), திங்கள் காலை 8:30

சகோதரி, தெரபிக்கு வாரம் இரண்டு முறை போய்வருவதில் பாதிதான் நடக்கும். மீதி வீட்டில். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

காலையில் எழுந்து பிராசசர் மாட்டியதும் ஆறு ஒலி: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். அவன் முதுகுப் பக்கம் நின்று, ஒவ்வொன்றாக, இடைவெளி மாற்றி மாற்றிச் சொல்வேன். கேட்டதும் ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட வேண்டும். வளர்ந்த பிறகு திருப்பிச் சொல்ல வேண்டும். "ஸ்" மட்டும் போடவில்லையென்றால் மைக்கில் தூசி, அல்லது மேப்பிங் (பிராசசரின் ஒலி அளவு அமைப்பு) மாற்ற வேண்டும். எதற்குமே போடவில்லையென்றால் பேட்டரியோ கேபிளோ போயிற்று. அந்தச் சோதனை செய்யாமல் பள்ளிக்கு அனுப்பியதில்லை. இல்லாவிட்டால் நாள் முழுக்க ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பான், ஆசிரியருக்கும் தெரியாது.

இரவில் பிராசசரைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக்கமான டப்பாவில் வைத்து மூடுங்கள். நம் ஊர் வியர்வைக்கு அது இல்லாமல் முடியாது. எண்ணெய் தேய்த்த தலையில் காயில் வழுக்கும். ஒரு நூலில் கோத்து சட்டையில் குத்தி வைத்துவிடுங்கள், கீழே விழுந்தாலும் தொலையாது.

முக்கியமானது: தறி ஓடும் நேரத்தில் அவளோடு பேசிப் பயனில்லை. நமக்கே கத்தித்தான் பேச்சு. பிராசசருக்கு எது பேச்சு, எது தறி என்று பிரிப்பது இன்னும் கடினம். எங்கள் வீட்டில் பின்பக்க அறையில் பாயும் பழைய சேலைகளும் கட்டி ஒரு மூலை ஒதுக்கினோம். மின்வெட்டு வந்தால் கொண்டாட்டம், எல்லாத் தறியும் நிற்கும், அந்த நேரம் முழுக்கக் கதைதான்.

ஊர்ச்செவிலி, திங்கள் காலை 9:02

தறியை எடுத்ததால் சொல்கிறேன். உங்கள் காதையும் ஒருமுறை காட்டுங்கள், இருவரும். 85 டெசிபலுக்கு மேல் தினமும் எட்டு மணி நேரம் இருந்தாலே காது கெட ஆரம்பிக்கும். விசைத்தறிக் கூடம் பொதுவாக அதைத் தாண்டிவிடும். நாற்பது வயதில் "என்ன, என்ன" என்று கேட்கும் நெசவாளர்கள் எத்தனை பேர்! குழந்தை பேச ஆரம்பிக்கும்போது அவளுடைய "ஸ்"ஸை நீங்கள் கேட்க வேண்டாமா? பஞ்சு அடைத்தால் போதாது, நுரையாலான காதடைப்பான் மருந்துக் கடையில் மலிவாகவே கிடைக்கும்.

பழையவாத்தியார், திங்கள் காலை 10:47

கேரளத்தில் ஸ்ருதிதரங்கம் என்ற திட்டம் 2012இலிருந்து நடக்கிறது. அங்கே பிறகு பழுதுபார்ப்பையும் பிராசசர் மாற்றுவதையும் திட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். அங்கும் தாமதம் என்று பெற்றோர் புகார் சொல்லியிருக்கிறார்கள், சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்க ஓர் இடம் இருக்கிறது. ஆறு லட்ச ரூபாய்க் கருவியை அரசு கொடுத்துவிட்டு, ஒரு கேபிளுக்காக அது மேசை இழுப்பறையில் தூங்குவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

நெறியாளர், திங்கள் காலை 11:00

குழந்தைகளின் மருத்துவ அறிக்கைப் படங்களையும் கைப்பேசி எண்களையும் பொதுவில் இட வேண்டாம். இரண்டு பதிவுகளிலிருந்து எண்களை நீக்கியிருக்கிறேன். தனிச்செய்தியில் பகிர்ந்துகொள்ளுங்கள்.

காவிரிக்கரை (பள்ளிபாளையம்), திங்கள் மதியம் 2:18

வாத்தியார் ஐயா சொன்னதைத்தான் நாங்கள் சில பெற்றோர் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த திங்கள் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். தனித்தனியாகப் போனால் "ஆவன செய்யப்படும்" என்று ஒரு ரசீது வரும். இந்த முறை சேர்ந்து போகிறோம். பிராசசர் நின்றுபோன பிள்ளைகளின் பெயரும், எந்த மாடல், எந்த வருடம் வைத்தது, எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை என்பதும் ஒரே தாளில். கேட்பது இரண்டு: கேபிள், காயில், பேட்டரிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இருப்பு வைக்க வேண்டும். வாரம் ஒருநாளாவது தெரபிஸ்ட் குமாரபாளையம் அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும்.

சகோதரி, உங்கள் பெண்ணுக்கு இன்னும் வைக்கவில்லை என்றாலும் நீங்களும் வாருங்கள். வருமானச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ.விடம் தறிக் கடன் பாஸ்புத்தகத்தையும் மின் இணைப்பு ரசீதையும் காட்டுங்கள். அங்கே நகரவில்லையென்றால் தாசில்தாரிடம் போய்க் கேளுங்கள்.

கைமொழி, திங்கள் மதியம் 3:06

மனுவில் மூன்றாவதாக ஒன்று சேருங்கள். தெரபிஸ்ட் வரும் அதே நாளில் பெற்றோருக்குச் சைகை வகுப்பு. சேர்த்தால் நானும் விடுப்பு எடுத்து வருகிறேன். அங்கே எனக்கு மொழிபெயர்க்க ஆள் ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது.

காவிரிக்கரை (பள்ளிபாளையம்), திங்கள் மதியம் 3:15

சேர்த்துவிட்டேன் தம்பி. வாசகத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள்.

தறிமேடை (குமாரபாளையம்), திங்கள் இரவு 9:50

அடுத்த திங்கள் நானும் மாமியாரும் வருகிறோம். அவருக்கு இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லிவிட்டார், வசம்பை மட்டும் விட மாட்டாராம். சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பார்களா? அன்று காலையில் பால் கொடுக்கலாமா?

ஒலிமானி, திங்கள் இரவு 10:04

அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் இந்த வயதில் பெரும்பாலும் தூங்க வைத்துத்தான் எடுப்பார்கள். எத்தனை மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்வார்கள், தாய்ப்பாலுக்கும் மற்றப் பாலுக்கும் கணக்கு வேறு. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், தேதி மாறும். வசம்பை நாக்கில் தடவ வேண்டாம் என்று மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கையில் வளையலாகக் கட்டிக்கொள்ளட்டும்.